இடமிருந்து மூன்றாவது

எனக்கு இடது எது, வலது எது என்று சட்டென்று சொல்ல வராது. "ரைட்ல திரும்புங்க" என்று யாராவது சொன்னால், மனசுக்குள் ஒரு கவளம் சோற்றைப் பிசைந்து, எந்தக் கை வாய்க்குப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். அதற்குள் திரும்பவேண்டிய தெரு பின்னால் போயிருக்கும். டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி என் விரல்கள் பிசைவதைப் பார்த்துவிட்டு, "சாப்ட்டுட்டே வந்திருக்கலாமே சார்" என்றார்.

இப்படிப்பட்ட ஒருவனைத்தான், பொன்மலைக்கும் அரியமங்கலத்துக்கும் நடுவே உள்ள ஒரு வார்ப்பாலை தன் போட்டோப் பிரிவில் சேர்த்துக்கொண்டு, ஓய்வு பெறும்வரை சம்பளமும் கொடுத்தது. ஆலையின் பெயர் வேண்டாம். இரும்பை உருக்கி, மண் அச்சில் ஊற்றி, பம்புக்கும் இயந்திரங்களுக்கும் உறுப்பு செய்கிற இடம். அங்கே போட்டோக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பெண் பார்க்கப் போனபோது என் மாமனாரும் இதையேதான் கேட்டார். விரிசல் விட்ட வார்ப்புகளைப் படம் எடுக்க வேண்டும். பெரிய மனிதர்கள் வந்தால் மாலையோடு எடுக்க வேண்டும். அடையாள அட்டைக்கு முகம் எடுக்க வேண்டும். மிச்ச நேரத்தில் எங்கள் மேலதிகாரிக்குத் தோன்றியதையெல்லாம் எடுக்க வேண்டும். அவருக்கு நிறையத் தோன்றும்.

ஓய்வு பெற்று, வீட்டில் மோட்டார் சுவிட்சைப் போடுவதும் அணைப்பதுமாக நான் பொறுப்பான பதவியில் இருந்தபோது, ஆலையிலிருந்து நந்தினி என்ற அதிகாரி போன் செய்தார். விளம்பரம், விழா, பத்திரிகைச் செய்தி எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல பெண். ஆலையின் பழைய படங்களைப் பெரிதாக அச்சிட்டு அலுவலக ஹாலில் கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். டிரங்குப் பெட்டியில் கிடந்த நெகட்டிவ்களை எல்லாம் சென்னைக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தாகிவிட்டது.

"ஒரு சின்ன பிராப்ளம் அங்கிள். பாதி போட்டோ திரும்பி வந்திருக்கு. கண்ணாடியில பாக்கிற மாதிரி. எந்தப் பாதின்னுதான் தெரியல. எது லெஃப்ட், எது ரைட்னு நீங்கதான் சொல்லணும்."

என் கை தானாகப் பிசைய ஆரம்பித்திருந்தது.

இங்கே ஒரு விளக்கம். பிலிமுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று பளபளக்கும், ஒன்று மங்கலாக இருக்கும். பக்கம் மாற்றி வைத்தால் படம் இடம் வலமாகப் புரண்டுவிடும். பிலிமைக் கையில் கொடுத்தால் நான்கூட உடனே சொல்லிவிடுவேன். ஆனால் பெட்டி சென்னையில், குளிரூட்டிய அறை ஒன்றில் இருந்தது. எனக்குக் கிடைத்ததெல்லாம் கம்ப்யூட்டர் திரையும், பேப்பர் கப்பில் காபியும்தான்.

எழுத்து இருக்கிற படங்கள் சுலபம். பெயர்ப்பலகை தலைகீழாகத் தெரியாவிட்டாலும் புரண்டு தெரியும். பஸ் இருந்தால் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று பார்க்கலாம். பெண்கள் இருந்தால் முந்தானை இடது தோளில் இருக்க வேண்டும். ஆண்கள் என்றால் சட்டைப்பை. புல்லட்டை நம்பக் கூடாது. பழைய வண்டிக்கு கியர் ஒரு பக்கம், புதியதற்கு மறுபக்கம். எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் நிறைய. அவர்கள் நெற்றியைப் பார்த்தால் ஏதாவது புலப்படுமா என்று முயன்றேன். வடகலையோ தென்கலையோ, எப்படிப் புரட்டினாலும் நாமம் நாமமாகவே இருக்கிறது. அதில் ஒரு ஆழம் இருக்கலாம். அன்று எனக்கு உதவவில்லை.

படங்களைப் பார்க்கப் பார்க்க நான் எங்கே இருக்கிறேன் என்பதே குழம்பியது. ஆலை மொட்டைமாடியிலிருந்து எடுத்த படங்களில் மலைக்கோட்டை தெளிவாக நிற்கிறது. அடுத்தடுத்த வருஷப் படங்களில் முன்னால் ஒரு தியேட்டர் முளைக்கிறது, பிறகு ஒரு தண்ணீர்த் தொட்டி, பிறகு அடுக்குமாடிகள். கடைசிப் படத்தில் உச்சிப் பிள்ளையார் யாரோ ஒருவர் வீட்டு ஏ.சி. பெட்டிக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார். கேன்டீனில் பித்தளை டம்ளர், எவர்சில்வர் ஆகி, கண்ணாடி ஆகி, என் கையிலிருக்கும் பேப்பர் கப்பாக வந்து நிற்கிறது. ஷிஃப்ட் விடும் நேரத்துப் படங்களில் சைக்கிள், சைக்கிள், சைக்கிள். பொன்மலை ரோடே மிதித்துக்கொண்டு போவது போல இருக்கும். இவ்வளவுக்கும் நடுவே நான் வாழ்ந்திருக்கிறேன். ஒன்றுகூட மாறியதாக எனக்கு அப்போது தெரியாது.

இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவர் தேசிகன் சார். நான் சேர்ந்தபோது அவர்தான் பிரிவின் தலைவர். என்னைத் தவிர பிரிவில் வேறு ஆள் இல்லை என்பதால், எனக்கு மட்டும் தலைவர். ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து பஸ்ஸில் வருவார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் கச்சிதமான திருமண், கையில் தயிர்சாத டப்பா. வார்ப்பாலையில் எல்லோரும் மாலைக்குள் ஒரே கறுப்பாகிவிடுவோம். அவர் மட்டும் காலையில் வந்த வெள்ளையோடு திரும்பிப் போவார்.

அவருடைய கேமரா மரப்பெட்டி. முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, லென்ஸின் மூடியைக் கழற்றி மாட்டுவதுதான் படம் எடுப்பது. புதுக் கேமரா வாங்கிய பிறகும் குரூப் போட்டோவுக்கு அதைத்தான் தூக்குவார். மூடியை எவ்வளவு நேரம் திறந்து வைக்க வேண்டும் என்பதற்கு அவர் ஒருநாளும் கடிகாரம் பார்த்ததில்லை. நல்ல வெயில் என்றால் "ரங்கா". மேகமூட்டம் என்றால் "ரங்கநாதா". ஷெட்டுக்குள் இருட்டில் என்றால் "ஸ்ரீரங்கநாதா, சரணம்". பெயரைச் சொல்லத் தொடங்கும்போது மூடி கழலும். சொல்லி முடிக்கும்போது மாட்டப்படும். "நான் பெருமாள் பேரைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் அசையப்படாது" என்று முன்கூட்டியே அறிவிப்பார். ஆலையில் எல்லா மதமும் உண்டு. அத்தனை பேரும் அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். இருட்டறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"ஓய் மனோகர், நீர் 'ரங்கா' சொல்லும் பார்க்கலாம்."

சொன்னேன்.

"ரொம்ப வேகம். அண்டர் எக்ஸ்போஸ் ஆயிடும். பக்தி போறாது."

நான் சரியாக 'ரங்கா' சொல்லக் கற்க ஒரு வருஷம் ஆயிற்று. என் பயிற்சிக் காலம் என்பது அவ்வளவுதான்.

இடம் வலம் விஷயத்தில் அவர் இன்னும் கடுமை. பெரிதாக்கும் கருவிக்கு மேலே சுவரில் அரங்கநாதர் காலண்டர் ஒன்று மாட்டியிருப்பார். பெருமாள் தலை நம் இடது கைப்பக்கம், திருவடி வலது கைப்பக்கம். எனக்கு அந்த வியாதி இருப்பது தெரிந்ததும் சொன்னார்: "சோத்துக்கையைத் தேடாதீர். பெருமாள் தலை எந்தப் பக்கமோ அது இடது. மேற்கொண்டு உமக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்." பிலிமை வைப்பதற்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு. "பளபளப்பு ஆகாசத்தைப் பார்க்கணும், மங்கல் பூமியைப் பார்க்கணும்." ஒவ்வொரு பிலிமை வைக்கும்போதும் இதை வாய்விட்டுச் சொல்வார். நானும் சொல்ல வேண்டும். சொல்லாமல் வைத்தால், சரியாக வைத்திருந்தாலும் எடுத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார். அவர் கையால் ஒரு படம் புரண்டு நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்றுதான் போன மாதம்வரை நினைத்திருந்தேன்.

கண்காட்சிப் படங்களைச் சிறிய தாளில் அச்சிட்டு, மாதிரிக்காக ஹால் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் தப்பான படங்களின் மேல் பென்சிலால் 'தி' என்று எழுதிக்கொண்டு வந்தேன். திருப்புக என்று பொருள். அப்போது ஹால் வாசலில் தும்மல் கேட்டது. மூன்று தும்மல், ஒன்றன்பின் ஒன்றாக.

ஆலையில் யாருக்கும் அதற்கு விளக்கம் தேவையில்லை. ஸ்டெல்லா மேரி வந்திருக்கிறார் என்று அர்த்தம். கேன்டீன் சமையலறையிலிருந்து டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வெயிலில் கால் வைத்ததும் ஸ்டெல்லாவுக்குத் தும்மல் வரும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படி. தும்மல் கேட்டதும் ஷெட்டில் எல்லோரும் கையைத் துடைத்துக்கொள்வார்கள். "சங்கு ஊதிடுச்சு, வாங்கடா டீ குடிக்க" என்பார்கள்.

ஸ்டெல்லாவின் அப்பா லூர்துசாமி எங்கள் ஆலையில் அச்சுக்கு மண் பிடிக்கும் வேலை செய்தவர். நான் சேருவதற்கு வெகுகாலம் முன்பே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பிரசவத்திலேயே அம்மா போயாகிவிட்டது. கைக்குழந்தையை மேலப்புதூர்ப் பக்கம் ஒரு கன்னியர் விடுதியில் வளர்த்தார்கள். வயது வந்ததும் அப்பாவின் வேலைக்குப் பதிலாகக் கேன்டீனில் வேலை கிடைத்தது. இப்போது ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்.

"மனோகர் சார், நல்லாருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே நேராக ஒரு படத்தின் முன்னால் போய் நின்றார். "இங்க வாங்க சார். எங்கப்பா இடம் மாறி நிக்கிறாரு."

அது வார்ப்புப் பிரிவின் குரூப் போட்டோ. இரண்டு வரிசை ஆட்கள், தலையில் துண்டு, முகமெல்லாம் கரி. ஓரத்தில் ஒரு சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கீழே வழக்கம்போல 'நிற்பவர்கள், இடமிருந்து வலம்' என்று பெயர்கள். மூன்றாவது பெயர் லூர்துசாமி. ஆனால் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவருக்கு முகமே இல்லை. கழுத்துக்கு மேல் ஒரு கலங்கல். படம் எடுக்கும்போது அசைந்துவிட்டிருக்கிறார். மறுகோடியில், வலமிருந்து மூன்றாவதாக, ஓர் ஆள் பல்லெல்லாம் தெரிய அழகாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"அதோ, அதான் எங்கப்பா. அவரை அந்தக் கோடியில கொண்டுபோயி பக்கிரி மாமா பேருல நிப்பாட்டிட்டீங்க."

ஸ்டெல்லா வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாது, ஒரு படம் வேண்டும் என்று எங்கள் பிரிவுக்கு வந்து கேட்டார். தேசிகன் சார் இந்த குரூப் போட்டோவை அச்சிட்டுக் கொடுத்தார். ஆல்பத்தில் இருந்த பழைய பிரதியைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. ஸ்டெல்லா விரலால் எண்ணி, மூன்றாவது ஆளின் முகத்தை மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினார். ஸ்டுடியோக்காரர்கள் கரியைத் துடைத்து, மீசையை அடர்த்தியாக்கி, துண்டை எடுத்துவிட்டுக் கிராப்பு வரைந்து, கோட்டும் டையும் மாட்டிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் செத்தவர்கள் எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் சுவரில் ஏறினார்கள். அந்தப் படத்துக்கு இன்றுவரை மாலை மாறாமல் போட்டு வருகிறார். மகனுக்குப் பெண் பார்த்தபோது, "தாத்தா மாதிரியே பல் வரிசை" என்று எல்லோரும் சொன்னார்களாம்.

"சின்ன விஷயம்மா" என்றேன். "படம் திரும்பியிருக்கு. சென்னைக்காரங்க பக்கத்தை மாத்திட்டாங்க." பென்சிலை எடுத்து 'தி' என்று போட்டேன். ஸ்டெல்லா நிம்மதியாகப் போனார். வாசலில் மறுபடி மூன்று தும்மல்.

மறுநாள் நந்தினி திருப்பிய படத்தைக் காட்டினார். இப்போது இடமிருந்து மூன்றாவதாகச் சிரிக்கும் மனிதர். எல்லாம் பொருந்திற்று. ஆனால் படத்தில் ஏதோ ஒன்று என்னை உறுத்தியது. கருமுகங்களை விட்டுவிட்டு ஓரத்துக்கு வந்தேன். சைக்கிள்.

சைக்கிளுக்குச் செயின் ஒரு பக்கம்தான் உண்டு. அந்தப் படத்தில் செயின் கார்டு தெரிந்தது. முன்சக்கரம் இடது பக்கம் பார்த்திருந்தது. அது சரியா? எனக்குத் தெரியவில்லை. சோற்றைப் பிசைந்து பார்த்தேன். சோற்றுக்கும் செயினுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. நேரில் ஒரு சைக்கிளைப் பார்த்துவிடலாம் என்று இறங்கிப் போனேன். 'சைக்கிள் ஸ்டாண்டு' என்று போர்டு இருக்கிறது. உள்ளே பைக், ஸ்கூட்டி, கரண்டில் ஓடும் வண்டி, மேலதிகாரிகளின் கார். ஒரு சைக்கிள் இல்லை. கேட்டுக்கு வெளியே, கேனில் டீ விற்கும் ஒருவரிடம் இருந்தது. அதன் முன்னால் நின்றேன், பின்னால் நின்றேன், குனிந்து செயினைப் பார்த்தேன்.

"வாங்கப் போறீங்களா சார்?" என்றார் அவர்.

"இல்லங்க. செயின் எந்தப் பக்கம்னு பாக்கிறேன்."

"எப்பவும் இருக்கிற பக்கம்தான் சார் இருக்கும்" என்றவர், என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்துவிட்டு, "டீ குடிக்கிறீங்களா?" என்றார்.

செயின் நம் பக்கம் தெரிந்தால் சைக்கிள் வலது பக்கம் பார்த்து நிற்க வேண்டும். டீக்காரரின் சைக்கிள் அப்படித்தான் நின்றது; நான் திருப்பிய படத்திலோ அது இடது பக்கம் பார்த்தது. அப்படியானால் சென்னைக்காரர்கள் அனுப்பிய படம்தான் சரி. நான் திருப்பியது தப்பு. முகம் கலங்கியவர்தான் லூர்துசாமி. ஸ்டெல்லா இத்தனை வருஷம் மாலை போட்டது அப்பாவோடு வேலை செய்த பக்கிரிசாமிக்கு.

பக்கிரிசாமி உயிரோடு இருக்கிறார்.

அதோடு, ஸ்டெல்லாவிடம் இருக்கும் படத்தைப் புரட்டி அச்சிட்டவர் தேசிகன் சார். எனக்கு இதுதான் பிடிபடவே இல்லை. ஆகாசம், பூமி என்று சொல்லாமல் ஒரு பிலிமைத் தொடாத மனிதர். அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஸ்டெல்லா வந்து கேட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சார் பிலிமைத் தேடி எடுத்து, வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். அந்தப் பெண்ணை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், "நீர் போய் காபி சாப்பிட்டு வாரும்" என்றார். அச்சிடும்போது என்னை அவர் வெளியே அனுப்பியது அன்று ஒருநாள்தான். அப்படியானால் வேண்டுமென்றே செய்தாரா? முகமில்லாத அப்பாவைக் கையில் கொடுக்க மனசு வராமல், பெருமாள் காலண்டருக்கு முன்னாலேயே பக்கத்தை மாற்றி வைத்தாரா? ஆனால் அதே வருஷம்தான் அவருக்குக் கண்ணில் புரை என்று ஆபரேஷனும் ஆயிற்று. பளபளப்பும் மங்கலும் தெரியாமலே வைத்திருக்கலாம். நான் காபி ஆறிவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்ததால் என்னை அனுப்பியிருக்கலாம். கேட்பதற்கு அவர் இல்லை. ஒரு நாள் முழுக்க அவர் புண்ணியவான் என்று நினைத்தேன். மறுநாள் முழுக்க அவருக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்தேன். இரண்டு நாளும் எனக்குத் தூக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பக்கிரிசாமியைப் பார்க்கக் காந்தி மார்க்கெட்டுக்குப் போனேன். மகன் வெங்காய மண்டி வைத்திருக்கிறார். கிழவர் மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சரோஜா அம்மாள், மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு. சரியான படத்தை நீட்டினேன்.

"வா போட்டோ தம்பி. அடேயப்பா, நம்ம செக்ஷனு! இந்தா சிரிக்கிறான் பாரு, லூர்து. அப்பிடியே இருக்கான்."

"நல்லாப் பாருங்க மாமா. லூர்துதானா?"

"எனக்குத் தெரியாதா? ஒண்ணா மண்ணுல உருண்டவன்யா. ஸ்டெல்லா வீட்டுல மாலையோட மாட்டியிருக்காளே, இதே மூஞ்சிதான். அவ கல்யாணத்தன்னிக்கு நான்தான் முன்னால நின்னு கும்புட்டுட்டு வந்தேன். 'நல்ல மனுசன், போயிட்டான்'னு கண்ணு கலங்கிட்டேன்."

சரோஜா அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அது நீங்க" என்றார்.

"யாரு?"

"நீங்கதான். கல்யாணமான புதுசுல இப்பிடித்தான் காரணமில்லாம இளிச்சிக்கிட்டு நிப்பீங்க. அந்தத் துண்டு எங்கம்மா வாங்கிக் குடுத்தது. கரை பாருங்க."

பக்கிரிசாமி படத்தைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். தன் வாயைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இப்போது அங்கே பல் அதிகம் இல்லை.

"அப்ப அந்தப் பொண்ணு வீட்டுல மாலை போட்டு, மெழுகுவத்தி கொளுத்தி..."

"உங்களுக்குத்தான்" என்றேன்.

"அதான பார்த்தேன்!" என்றார் சரோஜா அம்மாள். "ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு நடந்து வந்தாரே, எப்பிடின்னு. செத்துட்டதா சொன்னா ஆயுசு கெட்டின்னுவாங்க. இவருக்கு வருசா வருசம் திவசமே நடந்திருக்கு."

கிழவர் சிரிக்கவில்லை. "அப்ப லூர்து எங்க?"

கலங்கிய முகத்தைக் காட்டினேன். விரலை அதன் மேல் வைத்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"ஆமா. தும்மிட்டான்யா. அய்யரு எங்களை நல்ல வெயில்ல நிப்பாட்டிட்டாரு." ஆலையில் பாதிப் பேருக்கு ஐயருக்கும் ஐயங்காருக்கும் வித்தியாசம் கிடையாது. "லூர்துக்கு ஷெட்டை விட்டு வெளிய வந்தா தும்மலு. சூரியனைப் பார்த்தா போதும், மூணு போடுவான். ரெண்டை அடக்கிட்டான். அவரு 'ரங்...'னு தொடங்குனாரு. 'கா'வுல மூணாவது வந்துடுச்சு. அதுக்குத்தான் நான் சிரிக்கிறேன். காரணமில்லாம இல்லடி."

நான் எழுந்தபோது கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாத. இத்தனை வருசம் சுவத்துல இருந்துட்டேன். அப்பனாவே இருந்துட்டுப் போறேன்." அவர் கண் நிறைந்திருந்தது. ஆனால் வெங்காய மண்டியில் யார் கண் எதனால் நிறைகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். திருப்பிய படத்தையே மாட்டிவிடலாம். ஊரில் ஒருவரும் சைக்கிள் செயினைப் பார்க்கப் போவதில்லை. சைக்கிளையே யாரும் பார்ப்பதில்லை. தேசிகன் சார் செய்ததை நானும் செய்ததாக இருக்கும். ஆனால் சார் செய்தது இன்னதென்றே தெரியாமல், அதை எப்படிச் செய்வது? சொல்லிவிடலாம் என்றால், ஒரு பெண்ணிடமிருந்து சிரிக்கிற அப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஒரு கலங்கலைக் கொடுக்க வேண்டும். சொல்வதும் சொல்லாததும் எனக்கு இடது வலது போலவே இருந்தன. நான் இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

இறங்கியது ஆலைக்கு அருகில். அதை ஒரு அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

கேன்டீனில் மதியச் சாப்பாடு முடிந்து அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சைக்கிளில் ஆரம்பித்தேன். பளபளப்பு, மங்கல், செயின், துண்டின் கரை என்று வரிசையில்லாமல் உளறினேன். தேசிகன் சாருக்குக் கண்ணில் புரை இருந்தது என்பதை இரண்டு முறை சொன்னேன். நான் முடித்ததும் ஸ்டெல்லா, "அப்ப வீட்ல இருக்கறது பக்கிரி மாமாவா?" என்றார்.

"ஆமாம்மா."

"என் கல்யாணத்தன்னிக்கு அவரே வந்து கும்புட்டாரே சார்."

"கோட்டு போட்டிருந்ததால தெரியல போல."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. படத்தை வாங்கி, கலங்கிய முகத்தின் மேல் கட்டைவிரலை வைத்தார். "இவருதானா? இத்தனை நாளா இதைப் பக்கிரி மாமான்னு நெனச்சேன். ஒரு எடத்துல நிக்க மாட்டாரே, அதான் ஆடிட்டாருன்னு." பிறகு கொஞ்சம் கடுமையாக, "ஒரு நிமிசம் ஆடாம நின்னிருக்கக் கூடாதா? எல்லாரும் நிக்கிறாங்கள்ல?" என்றார். என்னிடம் கேட்கவில்லை.

"நின்னிருப்பாரும்மா. தும்மல் வந்துடுச்சாம்."

"தும்மலா?"

"பக்கிரி மாமா சொன்னாரு. ஷெட்டுலேர்ந்து வெளிய வந்து வெயிலைப் பார்த்தா உங்கப்பாவுக்குத் தும்மல் வருமாம். எப்பவும் மூணு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாய் நின்றுவிட்டது. நாள்தோறும் அந்தத் தும்மலுக்கு டீ குடித்தவன் நான். மண்டியில் கிழவர் சொன்னபோதும், பஸ்ஸில் வந்தபோதும் எனக்கு உறைக்கவில்லை. கோர்ட்டில் தும்மலைச் சாட்சியாக ஏற்பார்களா தெரியாது. ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். சமையலறைக்குள் வெளிச்சம் போதவில்லை என்பதுபோல அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், படியிறங்கி, நடுவெயிலில் நின்று தலையை நிமிர்த்தினார்.

மூன்று.

ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது: "என்னக்கா, இந்நேரத்துல டீயா?"

ஸ்டெல்லா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல், ஒரு அண்டாவின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். அது சூடாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நந்தினி மடிக்கணினியோடு எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னேனே, நல்ல பெண்.

"ஆன்ட்டி, கவலையே படாதீங்க. இப்போ ஏ.ஐ. இருக்கு. இந்த பிளர் ஆன முகத்தை அப்படியே கிளியர் பண்ணிடலாம். உங்க முகம், உங்க பையன் முகம் ரெண்டையும் குடுத்தா, அப்பா எப்படி இருந்திருப்பாரோ அப்படியே கொண்டு வந்துடும். சிரிக்கிற மாதிரியே வச்சிடலாம்."

ஸ்டெல்லா மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். இடது தோளின் முந்தானை. படம் சரியாகத்தான் இருந்தது.

"வேணாம்மா" என்றார். "ஏற்கெனவே ரெண்டு அப்பா ஆயிட்டாங்க. மூணாவது ஒருத்தர் வந்தா நான் எங்க மாட்டுவேன்?"